ஒழிவுப் பட்டம்: வாகையர் விலகியபின் நிற்கும் பட்டத்தை எப்படி அழைப்பது?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, மதுரையிலிருந்து வணக்கம்.

நம் விளையாட்டுக் கலைச்சொல் தொகுப்பில் முடிவு காணாமல் நிற்கும் ஒரே ஒரு சொல்லைப் பற்றி மட்டும் இம்மடலில் எழுதுகிறேன். நெடுங்காலம் எவராலும் அசைக்க முடியாமல் ஒரு பட்டத்தை வைத்திருந்த வாகையர் (சாம்பியன்), யாரிடமும் தோற்காமலேயே ஆட்டத்திலிருந்தோ பட்டத்திலிருந்தோ விலகிவிடுகிறார். அவர் விட்டுச்சென்ற பட்டத்துக்காக வேறு இருவர் மோதுகிறார்கள். குத்துச்சண்டைக்காரர்கள் இத்தகைய பட்டத்தை வேகன்ட் டைட்டில் என்றும், முந்தையவரை நேரில் வீழ்த்திப் பட்டம் பெற்றவரை லீனியல் சாம்பியன் என்றும் சொல்வார்கள். தமிழில் எழுதும்போது நாம் ஒவ்வொருவரும் ஒவ்வொரு தொடரால் இதைக் கடந்து போகிறோம்.

இதுவரை வந்த பரிந்துரைகள் நான்கு. வெற்றிடப் பட்டம், காலிப் பட்டம், விடுபட்டம் ஆகிய மூன்றோடு, சென்ற வாரம் மேலூர் நண்பர் அனுப்பிய ‘இலுப்பைப்பூப் பட்டம்’ என்பதும் சேர்ந்திருக்கிறது. இந்த நான்காவதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஏனெனில் நம் விவாதத்தின் உயிர்நாடி அதில்தான் இருக்கிறது.

ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்ற பழமொழியை நம் பக்கத்தில் அறியாதவர் இல்லை. பெரிய ஆட்டக்காரர் ஒருவர் விலகிய மறு ஆண்டு யார் வென்றாலும், அவர் காதில் விழும்படி இந்தப் பழமொழியைச் சொல்ல ஒருவராவது இருப்பார். நான் பல ஆண்டுகளாக மதுரையில் சிறுவர்களுக்குச் சதுரங்கம் கற்பித்து வருகிறேன். என்னிடம் பயின்ற ஒரு பெண்பிள்ளை, தன் வயதுப் பிரிவில் தொடர்ந்து வென்றுவந்த இன்னொரு பெண் மேல்படிப்புக்காக ஆட்டத்தை நிறுத்திய ஆண்டில், முதலிடம் பெற்றாள். கோப்பையைக் கொடுத்தவர் அதே மேடையில், ‘அந்தப் பிள்ளை இருந்திருந்தால் கதையே வேறு’ என்று ஒலிபெருக்கியில் சொன்னார். ஏழு சுற்றுகளிலும் எதிரே உட்கார்ந்தவர்களை ஒருவர் பின் ஒருவராக வென்று வந்த பிள்ளை, வராத ஒருத்தியிடம் தோற்றவளைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினாள். ஒரு கலைச்சொல்லுக்குள் பழமொழியின் தீர்ப்பை வைத்துத் தைத்துவிட்டால், அந்த ஒலிபெருக்கியை நாம் அகராதிக்குள் நிரந்தரமாகப் பொருத்திவிடுகிறோம் என்பதே என் முதன்மையான மறுப்பு. (இலுப்பைப் பூவை வாயிலிட்டுப் பார்த்தவர்களுக்கு அது உண்மையிலேயே இனிப்பானது என்பது தெரியும். ஆலை வந்த பிறகும் அதன் இனிப்பு குறையவில்லை.)

ஆனால் பழமொழி எழுப்பும் கேள்வியை அப்படியே ஒதுக்கிவிடவும் கூடாது. ஆதிக்கம் செலுத்தியவர் விலகியபின் பட்டத்தின் மதிப்பு குறைகிறதா? இதற்குச் சதுரங்க வரலாற்றைப் போலத் தெளிவாக விடை தரும் இடம் வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

மாக்னஸ் கார்ல்சன் 2013 நவம்பரில் சென்னையில் நம் ஆனந்தை 6.5-3.5 என்ற கணக்கில் வென்று உலக வாகையர் ஆனார். அதன்பின் நான்கு முறை பட்டத்தைக் காத்தவர், 2022 ஜூலையில், இனி இப்பட்டத்துக்காக ஆடப் போவதில்லை என்று அறிவித்தார். அவர் விட்ட பட்டத்துக்காக 2023 ஏப்ரலில் அஸ்தானாவில் சீனாவின் டிங் லிரனும் ரஷ்யாவின் நெப்போம்னியாச்சியும் மோதினார்கள். பதினான்கு ஆட்டங்கள் 7-7 எனச் சமமாகி, விரைவு ஆட்டங்களில் டிங் வென்றார். அந்த டிங்கை 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நம் குகேஷ் 7.5-6.5 என வென்றபோது அவருக்கு வயது 18. அந்த நாளெல்லாம் கார்ல்சன் தரவரிசையில் முதலிடத்திலேயே இருந்தார். ஆகவே ‘கார்ல்சன் இல்லாத பட்டம்’ என்ற பேச்சு டிங்கோடு நிற்காமல் குகேஷ் வரைக்கும் நீண்டது. மேலூர் நண்பர் பத்திரப் பதிவுத் தொழிலை அறிந்தவர் என்பதால் தமக்கே உரிய முறையில், ‘மூலப்பத்திரத்தில் வில்லங்கம் இருந்தால் அதற்குப் பின்னால் எத்தனை கிரயம் நடந்தாலும் வில்லங்கம் போகாது’ என்று எழுதியிருந்தார்.

அவர் உவமையையே ஏற்றுக்கொண்டு, பத்திரங்களைப் பின்னோக்கிப் புரட்டிப் பார்ப்போம். கார்ல்சன் பட்டம் பெற்றது ஆனந்திடமிருந்து. ஆனந்த் 2007இல் மெக்சிகோவில் நடந்த போட்டியில் பட்டம் பெற்று, 2008இல் பான் நகரில் கிராம்னிக்கை நேரில் வென்று அதை உறுதி செய்தார். கிராம்னிக் 2000இல் லண்டனில் காஸ்பரோவை வென்றவர். காஸ்பரோவ் 1985இல் கார்ப்போவை வென்றவர். கார்ப்போவ்? அவர் யாரையும் வென்று பட்டம் பெறவில்லை. 1972இல் ரெய்க்யவிக்கில் ஸ்பாஸ்கியை வென்ற பாபி ஃபிஷர் 1975இல் ஆட வர மறுத்ததால், ஒரு காயைக்கூட நகர்த்தாமல் கார்ப்போவுக்குப் பட்டம் வந்தது. இன்னும் பின்னே போனால், அலெக்கைன் 1946இல் பட்டத்தோடு இறந்துபோனதால், 1948இல் ஐந்து பேர் ஆடிய போட்டியில் வென்றே போட்வினிக் வாகையர் ஆனார். அதாவது, வில்லங்கம் தொடரும் என்றால் அது குகேஷின் பத்திரத்தில் மட்டும் தொடராது. கார்ல்சனின் பத்திரத்திலும் ஆனந்தின் பத்திரத்திலும் காஸ்பரோவின் பத்திரத்திலும் தொடரும். எவருடைய விலகலால் பட்டம் சிறுத்துவிட்டது என்கிறோமோ, அவருடைய பட்டமே ஒரு காலத்தில் ஆளில்லாமல் நின்ற பட்டத்தின் வழியில் வந்ததுதான். இதைக் கண்டுகொண்டபின் வில்லங்க வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

கார்ப்போவின் கதையில் இன்னொரு செய்தியும் உண்டு. ஆடாமல் பெற்ற பட்டம் என்ற பேச்சை அவர் நன்றாகவே அறிந்திருந்தார். அதற்குப் பின் வலுவான போட்டிகளில் ஓயாமல் ஆடி வென்றார். 1978இலும் 1981இலும் கோர்ச்னோய்க்கு எதிராகப் பட்டத்தைக் காத்தார். மதுரைக்காரர்களுக்கு இந்த வரிசை புதிதன்று. சித்திரைத் திருவிழாவில் மீனாட்சிக்கு எட்டாம் நாள் பட்டாபிஷேகம். திக்குவிஜயம் அதற்கு மறுநாள்தான். தந்தை மலயத்துவச பாண்டியருக்குப் பின் அரியணை ஏறியவள், முடி சூடிய பிறகே எட்டுத் திக்கையும் வெல்லப் புறப்படுகிறாள். வென்றுவிட்டு வந்து முடி சூட்டிக்கொள் என்று அந்த வீதிகளில் நிற்கும் கூட்டத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

குத்துச்சண்டையில் இதற்கு வேறுவிதமான விடை ஒருமுறை கிடைத்தது. ஜோ லூயிஸ் 1937 முதல் பட்டத்தை வைத்திருந்து, 25 முறை அதைக் காத்து, 1949இல் ஓய்வு பெற்றார். அவ்வாண்டு ஜூனில் ஜெர்சி ஜோ வால்காட்டை வென்று எசார்ட் சார்ல்ஸ் அந்த இடத்துக்கு வந்தார். 1950 செப்டம்பரில் லூயிஸ் திரும்பி வந்து சார்ல்ஸோடு மோதினார். பதினைந்து சுற்றுகளின் முடிவில் சார்ல்ஸே வென்றார். ‘இருந்திருந்தால்’ என்ற சொல்லுக்கு வளையத்துக்குள்ளேயே விடை கிடைத்த அரிய நிகழ்ச்சி இது. ஆயினும் வயது முதிர்ந்து திரும்பி வந்த லூயிஸை வென்றதால்தான் சார்ல்ஸின் பட்டம் முழுமை பெற்றது என்று கொள்ள எனக்கு மனமில்லை. அப்படிக் கொண்டால், திரும்பி வராத ஒவ்வொருவரும் தமக்குப் பின் வந்தவரின் பட்டத்தில் பாதியைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டதாக ஆகிவிடும்.

ஒன்று குறைகிறது என்பதை நான் மறுக்கவில்லை. 2023இல் அஸ்தானாவில் ‘இன்று உலகின் மிக வலிய ஆட்டக்காரர் யார்’ என்ற கேள்வி கேட்கப்படவே இல்லை. பட்டம் வழக்கமாகத் தரும் அந்த விடையை அந்த ஆண்டு அது தரவில்லை. ஆனால் அந்த விடைக்குத் தரவரிசை என்று வேறொரு கணக்கு இருக்கிறது. பட்டம் என்பது, குறித்த நாளில், குறித்த விதிப்படி, எதிரே வந்து உட்கார்ந்தவரை வென்றதற்கான சான்று. வந்து உட்காராதவரின் பொறுப்பை வந்தவர் மேல் ஏற்றுவது முறையாகாது.

இனி, இந்தச் சொல் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்ற எல்லையை வரைய வேண்டும். எல்லாப் பட்டங்களும் ஒருவர் கையில் தங்குவன அல்ல. ஒலிம்பிக் நூறு மீட்டர் ஓட்டத்தில் பட்டம் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்கிறது. அங்கே காலியாக நிற்க இருக்கையே இல்லை. உசைன் போல்ட் 2016இல் ரியோவில் 9.81 நொடியில் தம் கடைசி ஒலிம்பிக் நூறு மீட்டர் தங்கத்தை வென்றார். அவர் ஓய்வுக்குப் பின் டோக்கியோவில் மார்செல் ஜேக்கப்ஸ் 9.80 நொடியிலும், பாரிஸில் நோவா லைல்ஸ் 9.79 நொடியிலும் வென்றார்கள். போல்ட்டின் 9.58 உலகச் சாதனையை எவரும் நெருங்கவில்லை என்பது உண்மையே. ஆனால் ரியோவில் போல்ட் ஓடிய அந்த ஓட்டத்தைவிட அவருக்குப் பின் வந்த இருவரும் விரைவாகவே ஓடினார்கள்.

அலங்காநல்லூரும் இவ்வகையைச் சேர்ந்ததே. பல ஆண்டுகள் வாடிவாசலில் நின்று விளையாடி எவர் கைக்கும் பிடிபடாத காளை ஒன்று முதுமையால் கட்டுத்தறியோடு நின்றுவிட்டால், அடுத்த தை மாதத்தில் சிறந்த காளைக்குக் கிடைக்கும் பரிசை யாரும் குறைத்துப் பேசுவதில்லை. புதிய காளை மோதுவது அன்று தன் திமிலைப் பிடிக்கப் பாயும் வீரர்களோடுதான். பழைய காளையோடு அன்று. இதை அங்கே நிற்கும் சிறுவனும் அறிவான். போட்டிக்கு வராமை என்பதும் இதிலிருந்து வேறானது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கைப் பல நாடுகள் புறக்கணித்தபோது, தமிழ்நாட்டைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்திய ஹாக்கி அணி ஸ்பெயினை 4-3 என வென்று தங்கம் பெற்றது. அதை நம் சொல்லின் எல்லைக்குள் கொண்டுவர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சொல்லுக்கு வருகிறேன். வெற்றிடம் என்பது வெறுமையும் இடமும் புணர்ந்து பிறந்ததுதான் என்றாலும், விளையாட்டுச் செய்தியில் ‘வெற்றிடப் பட்டம்’ என்று படிப்பவர் கண்ணுக்கு ‘வெற்றி’ என்ற சொல்லே முதலில் தெரியும். காலிப் பட்டம் என்பதில் ‘காலி’யின் வசைப்பொருள் ஒட்டிக்கொள்கிறது. விடுபட்டம் அழகான வினைத்தொகை. ஆனால் சிறுவர்கள் பட்டம் விடும் ஊரில் அது வானத்தில் பறந்துவிடும். அதோடு ‘விடுபட்ட’ என்று தவறாகப் படிக்கவும் இடம் தருகிறது.

நான் முன்வைப்பது ‘ஒழிவுப் பட்டம்’. குடியிருந்தவர் வீட்டைக் காலி செய்வதை ‘வீட்டை ஒழித்துக் கொடுத்தார்’ என்று சொல்வது நம் வழக்கு. ‘ஓய்வு ஒழிவு இல்லாமல் உழைக்கிறார்’ என்ற தொடரில் ஒழிவு என்பது இடைவெளியைக் குறிக்கிறது. வாகையர் ஓய்வு பெறுகிறார். பட்டம் ஒழிவு பெறுகிறது. இரண்டு சொற்களும் ஏற்கெனவே இணைந்தே நடமாடுகின்றன என்பதால், புதிய சொல் என்ற கூச்சமின்றி நாவில் ஏறும். ‘ஒழிக’ என்ற முழக்கத்தை நினைவூட்டும் என்று திருமங்கலம் அம்மா தனிமடலில் எழுதினார்கள். அவர்கள் அச்சம் நியாயமானதே. ஆனால் ‘ஒழிவு’ என்ற பெயர்ச்சொல்லில் அந்தக் கடுமை இல்லை என்றே என் காது சொல்கிறது. முந்தையவரை நேரில் வென்று பெறும் பட்டத்துக்கு, வழிவழியாக வருவது என்ற பொருளில், ‘வழிப்பட்டம்’ போதும். இதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருப்பதாகத் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் வரையறையிலேயே கட்டாயம் எழுதிவிட வேண்டும். ஒழிவு என்பது இருக்கையின் நிலை. அதில் அமர்பவரின் அடைமொழி அன்று. ஆள் வந்து அமர்ந்த நொடியில் அது வெறும் பட்டமாகிவிடுகிறது. ‘ஒழிவுப் பட்டத்துக்கான போட்டியில் டிங் வென்றார்’ என்று எழுதலாம். ‘ஒழிவுப் பட்ட வாகையர் டிங்’ என்று எழுதக் கூடாது. அமர்ந்தவரிடமிருந்து அடுத்தவர் வென்று பெறுவது வழிப்பட்டமே என்பதால், குகேஷுடையது எந்த ஐயமும் இன்றி வழிப்பட்டம்.

தொகுப்பில் சேர்க்க வேண்டிய பதிவை இவ்வாறு எழுதியிருக்கிறேன்:

ஒழிவுப் பட்டம் (பெயர்ச்சொல்): ஒருவர் கையில் தங்கும் வகைப் பட்டத்தை வைத்திருந்தவர் தோற்காமல் ஓய்வு, துறப்பு, இறப்பு ஆகியவற்றுள் ஒன்றால் நீங்கியபின், அடுத்தவர் வென்று பெறும் வரை அப்பட்டம் நிற்கும் நிலை. வென்றவரைக் குறிக்க இச்சொல்லைப் பயன்படுத்துவதில்லை.

துறப்பு என்பதற்கு மாற்றாகக் கைவிடல் என்று எழுதலாமா என்பதில் மட்டும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. கார்ல்சன் செய்ததற்குத் துறப்பு சற்றே உயர்ந்த சொல்லாகத் தோன்றுகிறது. மேலூர் நண்பரும் திருமங்கலம் அம்மாவும் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதை அறிந்தபின் பதிவை இறுதி செய்யலாம்.

அன்புடன்,
மதுரையிலிருந்து