பொருள்: பழகுசிதைப்பு – இந்தச் சொல் நிற்குமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

மண்ணில் பூச்சிமருந்து வரவர வேகமாக உடைபடுவதை ஆங்கிலத்தில் 'enhanced biodegradation' என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'பழகுசிதைப்பு' என்று நான் சொன்னதற்கு வந்த மறுப்புகளுக்கு என் பதில் இது.

> 'மேம்படுத்தப்பட்ட உயிரிச் சிதைவு' என்றே போட்டுவிடலாமே, பொருள் விளங்குகிறதே.

விளங்கவில்லை ஐயா. 'மேம்படுத்தப்பட்ட' என்றதும் யாரோ திட்டம் போட்டு மண்ணைச் சீர்செய்ததுபோல் ஒலிக்கிறது. நடப்பது வேறு. ஒரே வயலில் ஒரே பூச்சிமருந்தைத் திரும்பத் திரும்பப் போட்டால், அதையே தின்று வாழும் நுண்ணுயிர்கள் மண்ணில் பெருகிவிடுகின்றன. அடுத்த முறை போடும் மருந்து பூச்சியிடம் போய்ச் சேருமுன் இவற்றின் பந்தியிலேயே தீர்ந்துபோகிறது.

பிலிப்பைன்ஸில் லாஸ் பானோஸ் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வயல்களில் புகையான் என்ற நெற்பூச்சிக்கு டயசினான் என்ற மருந்தைப் போட்டுவந்தார்கள். ஒரு கட்டத்தில் புகையான் மருந்துக்குக் கேட்கவில்லை. காரணம் தேடிய ஆய்வாளர் சேதுநாதன் 1971இல் கைகாட்டியது பூச்சியை அல்ல, வயலை. மருந்து அங்கேயே சிதைந்துகொண்டிருந்தது. 1973இல் அவரும் உடன் ஆய்வாளர் யோஷிடாவும் டயசினானிலுள்ள கார்பனை மட்டும் வைத்தே பிழைக்கும் பிளேவோபாக்டீரியம் என்ற ஒரு பாக்டீரியாவைப் பற்றி எழுதினார்கள். அது டயசினானின் குடும்பத்தைச் சேர்ந்த பாராத்தியான் என்ற மருந்தையும் வெட்டியது! அதாவது, மருந்தை மாற்றினாலும் அதே குடும்பத்து மருந்தென்றால் பயனில்லாமல் போகலாம். அளவைக் கூட்டினாலோ தீனியைத்தான் கூட்டுகிறோம்.

எங்கள் பக்கம் குருணை மருந்து வேலை செய்யாவிட்டால் "பழகிடுச்சு" என்பார்கள். பூச்சி பழகினாலும் அதே சொல்தான், மண் பழகினாலும் அதே சொல்தான். பூச்சிக்கு 'எதிர்ப்புத்திறன்' ஏற்கெனவே இருக்கிறது. மண்ணுக்குத்தான் சொல் இல்லை. அதனால் 'பழகுசிதைப்பு' என்கிறேன். சுடுசோறு மாதிரி வினைத்தொகை, ஒற்று மிகாது. பழகிய, பழகுகிற, பழகும் என மூன்று காலமும் உள்ளே அடங்கிவிடுகிறது.

'சிதைவு' வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. வெயிலிலும் தண்ணீரிலும் மருந்து தானாக உடைவது சிதைவு. நுண்ணுயிர் நொதியை வைத்து உடைப்பது சிதைப்பு. தன்வினை, பிறவினை என்று தமிழே பிரித்து வைத்திருக்கும்போது அதை ஏன் விடவேண்டும்?

> 'பழகு' பேச்சுவழக்கு. துறைச்சொல்லுக்குக் கனம் போதாது.

வண்டி ஓட்டக் கற்பவருக்குப் 'பழகுநர் உரிமம்' தருகிறோமே, அந்தக் கனம் போதாதா?

அப்புறம், நஞ்சைச் சீக்கிரம் உடைக்கும் மண் நல்ல மண்தானே என்று ஒருவர் கேட்டிருந்தார். அப்படிச் சொல்லிவிட முடியாது. ஒரு நுண்ணுயிர்க் கூட்டம் கொழுக்கும்போதே, அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் கூட்டம் அதே மருந்தில் அடிபட்டிருக்கலாம். அதைத் தனியாகத்தான் அளக்க வேண்டும். மருந்து கலந்த மண்ணில் நைட்ரேட் உருவாவதை 28 நாள் வரை பார்த்து, கலக்காத மண்ணோடு ஒப்பிடும் சோதனை அதற்கென்றே இருக்கிறது. ஆக, நமது சொல் நல்லது கெட்டது எதையும் சொல்லாமலிருப்பதே சரி. 'பழகு' அப்படித்தான் இருக்கிறது.

ஓரிடத்தில் மட்டும் எனக்கே இடிக்கிறது. இது நடக்கும் மண்ணைப் 'பழகுசிதைப்பு மண்' என்றால் வாயில் நுழையவில்லை. அங்கே 'மருந்து பழகிய மண்' போதுமா?

அன்புடன்