செங்கல் சூளைக் கொத்தடிமை மீட்பு: பெங்களூரில் கூட்டுக்குழு அமைப்பது எப்படி?

ஆனேக்கல்வாசி:
அட்வான்ஸ் கொடுத்துக் கூட்டிவந்த தமிழ்க் குடும்பங்களைச் சூளையை விட்டு வெளியே விடுவதில்லை என்று புகார் வருகிறது. வக்கீல்கள், ஒரு தொண்டு நிறுவனம், போலீஸ், வருவாய்த் துறை சேர்ந்த நிரந்தரக் குழு வேண்டும். யாரை முதலில் பார்க்கணும்? மீட்டவர்கள் அதே மேஸ்திரியிடம் (அட்வான்ஸ் கொடுத்து ஆள் கூட்டிவருபவர்) திரும்பிப் போவது ஏன்?

தாலுகா ஆபீஸ்:
புதுக் குழு எதற்கு? 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 13-வது பிரிவுப்படி மாவட்டத்துக்கும் உட்கோட்டத்துக்கும் கண்காணிப்புக் குழு இருந்தே ஆகணும். மாவட்டக் குழுவில் சமூக சேவகர்களுக்கு இரண்டு இடம். பல இடங்களில் பேருக்குத்தான் இருக்கும். மனுப் போட்டு அந்த இடங்களைப் பிடியுங்கள். ஆனேக்கல் தாலுகா ஒரு மாவட்டத்தில், ஹொஸ்கோட்டை தாலுகா வேறு மாவட்டத்தில். எல்லை பார்க்காமல் மனுக் கொடுத்தால் ஃபைல் அலையும்.

களத்தில்:
மீட்கப் போவது எந்தச் சூளையில் என்பது உதவி ஆணையர் (உட்கோட்ட வருவாய் அதிகாரி), இன்ஸ்பெக்டர் தவிர யாருக்கும் முன்கூட்டித் தெரியக் கூடாது. கசிந்தால் ராத்திரியே குடும்பங்களை லாரியில் ஏற்றிவிடுவார்கள்.

முதலாளி எதிரில் விசாரித்தால் வேலை கெட்டது. தாலுகா ஆபீசுக்குக் கூட்டிவந்து, தமிழ் தெரிந்த ஆளை வைத்து, குடும்பம் குடும்பமாகத் தனியே கேளுங்கள். “கொத்தடிமையா?” என்று கேட்டால் “இல்லைங்க, அட்வான்ஸ் வாங்கியிருக்கோம்” என்பார்கள், அதிகாரியும் அப்படியே எழுதி மூடிவிடுவார். கேட்க வேண்டியது வேறு. ஆயிரம் கல்லுக்கு என்ன கூலி, அதில் எவ்வளவு பிடித்தம்? கணக்கு நோட்டு யாரிடம்? சந்தைக்குக் குடும்பத்தோடு போகலாமா, ஒருத்தரைச் சூளையில் நிறுத்திவிட்டுத்தான் போகணுமா? ஊரில் சாவு விழுந்தால் விடுவார்களா?

அந்த நோட்டை அன்றைக்கே கைப்பற்றணும், மறுநாள் இருக்காது. வாங்கியது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அதே சட்டத்தின் 15-வது பிரிவுப்படி கடன் கொடுத்தவனுடையது. ஆனால் தொழிலாளியிடம்தான் ஆதாரம் கேட்பார்கள்.

வக்கீல் மேசை:
எஃப்ஐஆரில் 1976 சட்டத்தோடு பாரதிய நியாய சன்ஹிதா 143-ஐயும் (ஆள் கடத்தல்) சேர்க்கச் சொல்லுங்கள். குழந்தைகள் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிற்கணும்.

மீட்டவர்கள் திரும்பிப் போவதற்கு முக்கியக் காரணம், கொத்தடிமையிலிருந்து விடுவித்ததற்கான விடுவிப்புச் சான்றிதழ் கொடுக்காமலே பஸ் ஏற்றிவிடுவது. கடன் சட்டப்படி ரத்து. ஆனால் ஊரில் வந்து மிரட்டும் மேஸ்திரிக்குக் காட்டக் கையில் காகிதம் வேண்டாமா? அரசின் உடனடி உதவி, 30,000 ரூபாய் வரை, கிடைப்பதும் அந்தச் சான்றிதழை வைத்துத்தான். முழு மறுவாழ்வுத் தொகை (ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கு 2 லட்சம்) வழக்கு முடிவோடு கட்டப்பட்டது, அதை நம்பி உட்காராதீர்கள்.

ஆனேக்கல்வாசி:
“நிதி இல்லை” என்றால்?

வக்கீல் மேசை:
இந்த உதவிக்கென மாவட்டத்துக்குக் குறைந்தது 10 லட்சம் ரூபாய் நிதி ஒதுக்கி வைக்கணும் என்று மத்திய அரசின் கொத்தடிமை மறுவாழ்வுத் திட்டத்திலேயே இருக்கிறது. மனுவில் அந்த வரியைக் குறிப்பிடுங்கள். சான்றிதழ் நகல் ஒன்றைச் சொந்த மாவட்டக் கலெக்டருக்கும் அனுப்பச் சொல்லுங்கள்.