போதைப் பழக்கத்துக்கான மருந்தைத் தம்பி எவ்வளவு காலம் எடுக்க வேண்டும்?

கேள்வி: தேயிலைச்சாரல் (ஹட்டன்)

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 26 வயது. கொழும்பு புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்த காலத்தில் தூள் (ஹெரோயின்) பழக்கத்துக்கு ஆளாகித் தோட்டத்துக்குத் திரும்பி வந்தான். விடியற்காலையில் இஸ்தோப்பில் குந்தியிருந்து ஓயாமல் கொட்டாவி விடுவான். மூக்கு ஒழுகும், கை மயிரெல்லாம் சிலிர்த்து நிற்கும். மார்கழிக் குளிர் என்றே அம்மாவும் நானும் நினைத்தோம். அரிசித் தகரத்துக்குப் பின்னால், தூள் புகைத்துக் கருகிய ஈயத்தாள் அகப்பட்ட பிறகுதான் விளங்கியது.

இரண்டு முறை புனர்வாழ்வு நிலையத்தில் தங்கி வந்தான். இரண்டு முறையும் ஒரு மாதத்துக்குள் பழையபடியே ஆகிவிட்டான். இப்போது மனநல வைத்தியர் ஒருவர் தூளுக்குப் பதிலாகக் கொடுக்கும் மருந்துகள் என்று மெதடோன், புப்ரினோர்பின் என்ற இரண்டு பெயர்களைத் துண்டில் எழுதித் தந்து, வீட்டில் பேசிவிட்டு வரும்படி சொல்லியிருக்கிறார். இரண்டும் அபின் வகையைச் சேர்ந்தவை என்று அறிந்ததிலிருந்து, "பேயை ஓட்டிவிட்டுப் பிசாசைக் குடிவைப்பதா?" என்று அம்மா அழுகிறார். தையில் தொடங்கினால் சித்திரைப் புத்தாண்டுக்குள் நிறுத்திவிட வேண்டும் என்பது அப்பாவின் நிபந்தனை. இதை அறிந்தவர்கள் தயவுசெய்து விளக்கமாக எழுதுங்கள்.

பதில்: பண்டாரவளைத் தாதி

அன்புத் தங்கைக்கு, நான் பண்டாரவளையில் பிறந்து, பல ஆண்டுகளாக இங்கிலாந்தில் போதைச் சிகிச்சைப் பிரிவொன்றில் தாதியாக வேலை செய்கிறேன். அம்மாவின் பயத்தை இங்குள்ள தாய்மாரிடமும் கேட்டிருக்கிறேன், ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஹெரோயின் மூளைக்குள் வேகமாக ஏறி வேகமாக இறங்குகிறது. சில மணி நேரத்தில் கொட்டாவி, கால் குடைச்சல், வயிற்றோட்டம் என்று உடல் வதைக்கத் தொடங்குவதால், அடுத்த பொட்டலத்தைத் தேடுவதைத் தவிர வேறு எதையும் அந்த மனிதனால் நினைக்க முடிவதில்லை. மெதடோன் மெதுவாக ஏறி ஒரு நாளுக்கு மேல் நிற்பது; இங்கே பெரும்பாலும் பச்சை நிறப் பாணியாக, நாளுக்கு ஒரு முறை, தொடக்கத்தில் மருந்தாளரின் கண்முன்னே குடிக்கக் கொடுக்கிறோம். புப்ரினோர்பின் மூளையில் அதே இடத்தில் ஓரளவு மட்டுமே வேலை செய்து, ஓர் எல்லைக்கு மேல் மூச்சை அடக்காமல் நின்றுவிடுவதால் தனியாக எடுக்கும்போது கூடுதல் பாதுகாப்பானது. சரியான அளவில் எடுப்பவருக்கு மயக்கமோ மிதப்போ இருக்காது. காலையில் எழுந்து வேலைக்குப் போவார். உலக சுகாதார நிறுவனம் 2005இலேயே இவ்விரண்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

புப்ரினோர்பினைத் தொடங்கும் நாளில் ஒரு விடயத்தில் கண்டிப்பாக இருங்கள். கடைசியாகத் தூள் எடுத்து குறைந்தது 12 மணி நேரமாவது கழிந்து, கொட்டாவியும் சிலிர்ப்பும் நன்றாகத் தெரிந்த பிறகே முதல் மாத்திரையைக் கொடுப்பார்கள். அவசரப்பட்டு முன்னதாக வைத்தால், உடலில் இருக்கும் ஹெரோயினை அது தள்ளிவிட்டு வேதனையை ஒரேயடியாகக் கொண்டுவந்துவிடும். அந்த ஒரு நாள் அனுபவத்தோடு சிகிச்சையையே வெறுத்து ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன். மாத்திரையை விழுங்கக் கூடாது. நாக்கின் கீழ் வைத்து, பேசாமல், முழுவதும் கரையும் வரை இருக்க வேண்டும். கரைந்த பின் தண்ணீரால் வாயைக் கொப்பளித்து, ஒரு மணி நேரம் கழித்தே பல் துலக்க வேண்டும், இல்லையென்றால் பற்கள் பழுதாகலாம்.

அப்பாவின் சித்திரைக் கணக்கை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. 2017இல் வெளிவந்த, ஒரு லட்சத்துக்கும் அதிகமான நோயாளிகளை உள்ளடக்கிய ஆய்வுத் தொகுப்பில், மெதடோன் எடுக்கும் காலத்தில் ஆண்டுக்கு 1000 பேரில் ஏறத்தாழ 11 பேர் இறந்தனர். சிகிச்சையை விட்டிருந்த காலத்தில் அது 36. நிறுத்திய முதல் நான்கு வாரங்களே மிக ஆபத்தானவை. ஆண்டுக்கணக்கில் எடுத்து நலமாக வாழ்பவர்கள் பலர். நிறுத்தும் நாளைத் தம்பியும் வைத்தியரும் சேர்ந்து முடிவு செய்யட்டும், புத்தாண்டு முடிவு செய்ய வேண்டாம்.

பதில்: தலவாக்கலை வாசி

அக்கா, என் மூத்த அண்ணனும் இதே வழியில் போனவர். ஒரு நிலையத்தில் பல மாதங்கள் இருந்து, உடல் தேறி வந்தார். கோயிலில் தேங்காய் உடைத்தோம், அம்மா கோழிக்கறி சமைத்தார். ஒன்பதாம் நாள், முன்பு எடுத்த அதே அளவை எடுத்திருக்கிறார். பழக்கம் விட்டுப்போன உடல் அதைத் தாங்காது என்பதை அனுப்பி வைத்தவர்கள் எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. லயக்காம்பிராவில் அவர் குறட்டை விடுவதாக நினைத்து நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தோம். அது குறட்டை இல்லை.

உங்கள் வீட்டார் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்: எழுப்பினாலும் எழாமல், மூச்சு விட்டுவிட்டு வந்து, உதடு நீலம் பாய்ந்து, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தால் உடனே 1990 அம்புலன்ஸை அழைத்து, தம்பியை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எடுத்த பொருளை மறைக்காமல் சொல்லுங்கள். நலோக்சோன் என்ற ஊசியால் நிமிடங்களில் மூச்சைத் திருப்ப முடியும். பொலிஸுக்குப் பயந்து நேரத்தைக் கடத்த வேண்டாம்.

மீண்டும்: தேயிலைச்சாரல்

இருவருக்கும் என் நன்றி. தலவாக்கலைத் தம்பி எழுதிய பதிலை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். வெகுநேரம் எதுவும் பேசாமல் இருந்துவிட்டு, திங்கட்கிழமை கிளினிக்குக்குத் தானும் வருவதாகச் சொன்னார். இரண்டு கேள்விகள் மீதி இருக்கின்றன. எங்கள் ஒற்றைக் காம்பிராவில் அக்காவின் சின்னப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் மண்சரிவு வந்தால் பாதை இரண்டு மூன்று நாள் அடைபட்டுவிடும், அப்போது என்ன செய்வது?

பதில்: பண்டாரவளைத் தாதி

வீட்டுக்கு மருந்து தந்தால் பூட்டுள்ள இரும்புப் பெட்டியில் வைத்து, சாவியை அம்மாவிடம் கொடுங்கள். மெதடோன் ஒரு மிடறே குழந்தையின் உயிரைப் பறித்துவிடும். சோடாப் போத்தலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். கசிப்பு, சாராயம், தூக்க மாத்திரை, பிரிகபலின் (நரம்பு வலி மருந்து) ஆகியவற்றை இந்த மருந்துகளோடு சேர்ப்பதும் மூச்சை நிறுத்தக்கூடியது, இதைத் தம்பியிடம் வெளிப்படையாகப் பேசுங்கள்.

பாதை அடைபடும் காலத்துக்கு என்ன ஏற்பாடு என்று திங்கட்கிழமையே வைத்தியரிடம் கேளுங்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் வழக்கமான அளவையே எடுக்கலாம், இரட்டிப்பாக எடுக்கக் கூடாது. தொடர்ந்து மூன்று நாள் தவறினால் பழைய அளவைத் தானாகத் தொடங்காமல் கிளினிக்குக்குப் போகச் சொல்லுங்கள். அங்கே குறைந்த அளவிலிருந்து மறுபடி ஏற்றித் தருவார்கள்.