அப்பாவுக்கு உண்மைக் கதைப் புத்தகங்கள் வேண்டும், சொல்லுங்களேன்

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் நாற்பது வருஷம் ரப்பர் பால் வெட்டியவர் என் அப்பா. கண் ஆபரேஷனுக்குப் பிறகு வாசிப்புப் பைத்தியம் பிடித்திருக்கிறது. நாவல் கொடுத்தால், "இது நடந்ததா மக்களே?" என்பார். இல்லை என்றால் மூடி வைத்துவிடுவார்.

உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' கொடுத்தேன். ரப்பர் ஷீட் விற்ற பழைய ரசீதை அடையாளம் வைத்து, விரலால் வரி தொட்டு இரண்டு மாதம் வாசித்தார். 1942-ல் உ.வே.சா. இறந்ததால் அது பாதியில் நின்றுபோனது தெரியாமல், "மிச்சத்தை எங்கே வச்ச?" என்று என்னிடமே சண்டை! அப்புறம் பாமாவின் 'கருக்கு'. அதை ஒரே மூச்சில் முடித்துவிட்டு அன்று இரவு முழுக்கப் பேசவே இல்லை.

இனி என்ன கொடுக்கலாம்? தலைவர்கள் வரலாறு வேண்டாம், அதில் பாதி பாராட்டு விழாதான். பனையேறி, மீனவர், நர்ஸ், லாரி டிரைவர் என்று உழைத்தவர்கள் தாங்களே எழுதியது இருந்தால் நல்லது. 1956 நவம்பர் 1-ல் நம்ம நாலு தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர்ந்த காலத்தை நேரில் பார்த்தவர்கள் எழுதியது கிடைத்தால் இன்னும் சந்தோஷம். அப்பா அப்போது சின்னப் பையன்.

எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். நாகர்கோவில், மார்த்தாண்டம் கடைகளில் கிடைக்குமா என்றும் சொல்லுங்கள். வாசிக்க யாராவது இரவல் கொடுத்தாலும் சரி, அட்டை போட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவோம்.