தில்லி மயூர் விஹார்: ஜன்னல் பிரஷ் ஸ்ட்ரிப் எங்கே கிடைக்கும்?

வணக்கம். வீட்டில் பழைய அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல்கள் நான்கு, இடுக்கு வழியே குளிர்காற்று வருகிறது. ஊதுபத்தியை ஓரமாகப் பிடித்துப் பார்த்ததில், இரண்டு கண்ணாடிக் கதவுகளும் நடுவில் சேரும் இடத்தில்தான் புகை அதிகம் அலைகிறது. பள்ளத்தில் இருந்த பிரஷ் ஸ்ட்ரிப் (இடுக்கை அடைக்கும் மயிர்ப்பட்டை) மொட்டையாகிவிட்டது. அடிப்பட்டை 5 மி.மீ. அகலம், மொத்த உயரம் 6 மி.மீ. வேண்டும். உயரம் 8 போனால் கதவு நகராது, 5 என்றால் காற்று நிற்காது. ஒரு ஜன்னலுக்கு 8 மீட்டர், நான்குக்கும் சேதாரத்தோடு 35 மீட்டர். பழைய தில்லி சாவ்ரி பஜார் கடைகளில் சில்லறையாக வெட்டித் தருவார்களா, முழுச் சுருளாகத்தான் வாங்கணுமா?

வாசல் மரக்கதவு இன்னொரு தலைவலி. கீல் பக்கம் 2 மி.மீ. இடைவெளி, தாழ்ப்பாள் பக்கம் 5. ஸ்பாஞ்ச் டேப் ஒரே குளிர்காலத்தில் அமுங்கிப்போகும், அது வேண்டாம். தாழ்ப்பாள் பக்கம் டி (D) வடிவ இ.பி.டி.எம். (ஒரு வகை செயற்கை ரப்பர்) பட்டை ஒட்டலாமா, பி (P) வடிவமா? பழைய எனாமல் உரிவதால் பசை பெயின்டோடு கழன்று வருகிறது. உப்புத்தாள் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்தால் போதுமா, ஆணி அடிக்கும் அலுமினியப் பட்டைதான் வழியா?

கேஸ் கீசர் உள்ள குளியலறைக்குக் காற்றோட்டம் வேண்டும் என்று தெரியும், அதை அடைக்கப்போவதில்லை, அந்த அறிவுரை வேண்டாம்! ஜனவரிக் குளிருக்கு முன் முடிக்கணும். விலை தெரிந்தவர்கள் மீட்டர் கணக்கில் சொல்லுங்கள்.