540 ஜீப் மலை ஏறினா கொதிக்குது, ஹெட் இறக்கியே ஆகணுமா?

ஒடுகத்தூர்540:
அண்ணன்மாரே வணக்கம். வண்டி மஹிந்திரா எம்எம் 540, பீஜோ டீசல் இன்ஜின், ஃபோர் வீல் டிரைவ். மாமா ஓட்டிக்கினு இருந்த வண்டி, இப்ப என் கைல. மலை மேல பீஞ்சமந்தைல சொந்தக்காரங்க இருக்காங்க, அங்கருந்து புளி, சாமை மூட்டை எறக்கறதும் இங்கருந்து உரம், அரிசி ஏத்தறதும் இந்த வண்டிலதான்.

பிரச்சனை இன்னான்னா வேலூர் வரைக்கும் போனாலும் தரைல ஓடுனா டெம்பரேச்சர் முள்ளு நட்டநடுவுல நிக்குது, அசையறதே இல்ல. லோடு வச்சி மலை ஏற ஆரம்பிச்சா ரெண்டாவது கியர்ல போய்க்கினே இருக்கும்போதே முள்ளு ஏறிடுது, பாதி மலைக்குள்ள சிவப்புக்கு வந்துடுது, ஓவர்ஃப்ளோ பைப்புல ஆவி பிச்சிக்கினு அடிக்குது. ஓரங்கட்டி ஐட்லிங்ல வுட்டா கொஞ்ச நேரத்துல எறங்கிடும். தண்ணி அப்பப்ப ஊத்த வேண்டி இருக்கு. இன்ஜின் ஆயில் சுத்தமாதான் கீது, பால் மாதிரி ஆகல. காலைல வெள்ளப் பொகை கொஞ்சம் வரும், சூடானா நின்னுடும்.

எங்க மெக்கானிக் ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் மேல உக்கார்ற ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற தகடு) போச்சு, ஹெட் இறக்கணும், இறக்குறப்பவே சிலிண்டர் போரும் பாத்துடலாம்னு சொல்றாரு. இன்ஜின் சூடாகற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாம புடிக்கற தெர்மோஸ்டாட் வால்வை அவரே முன்னாடி கழட்டிட்டாரு, நம்ம ஊரு வெயிலுக்கு அது வேணாம்னு. செலவு பெருசா போவுது, அதுக்கு முன்னாடி நானே பாக்கறதுக்கு எதனா இருந்தா சொல்லுங்க.

காட்பாடி டீசல்:
தம்பி, ஹெட்டுல கை வைக்காத. நீ சொன்னதுலயே பாதி பதில் இருக்கு. தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் லோடு இல்லாம தரைல ஓடும்போது முள்ளு நடுவுக்கு கீழதான் நிக்கணும், ஏன்னா தண்ணி தடையே இல்லாம ரேடியேட்டருக்கு போய்க்கினே இருக்கும். ஒன்னுது வால்வு இல்லாமயே நடுவுல நிக்குதுன்னா ரேடியேட்டர் தரைலயே முழு பலத்தையும் போட்டுத்தான் சமாளிச்சிகினு இருக்கு, மலைக்குன்னு மிச்சம் எதுவும் இல்ல. என் சந்தேகம் ரேடியேட்டர் மேலதான், ஆனா கேஸ்கட்டையும் காசு செலவில்லாம பாத்துடலாம்.

காலைல வண்டி சுத்தமா ஆறி இருக்கும்போது ரேடியேட்டர் மூடிய தொற, கழுத்து வரைக்கும் தண்ணி ஊத்து, ஸ்டார்ட் பண்ணி டார்ச் அடிச்சி உள்ள பாரு. மொதல்ல ரெண்டு மூணு காத்து முட்டை வரும், அது உள்ள மாட்டின காத்து, பயப்படாத. ஒரே சீரா கொப்புளிச்சிக்கினே இருந்தா, ரேஸ் குடுக்கக் குடுக்க அதிகமானா அதுதான் கேஸ்கட்டோ ஹெட் விரிசலோ. அப்பறம் மூடிய போட்டு இன்னொரு தடவ ஆற வச்சி ஸ்டார்ட் பண்ணி மேல் ஹோஸை அமுக்கிப் பாரு, இன்ஜின் இன்னும் சூடே ஆகாதப்ப ஒரு நிமிஷத்துலயே ஹோஸ் கல்லு மாதிரி ஆச்சுன்னா சிலிண்டர் உள்ள இருக்கற அழுத்தம் (கம்ப்ரஷன்) தண்ணிக்குள்ள வருதுன்னு அர்த்தம். ரெண்டும் இல்லன்னா ஹெட் போல்டுல ஸ்பேனர் வைக்க வேலையே இல்ல.

வெள்ளப் பொகைக்கும் வால்வு இல்லாததுக்கும் சம்பந்தம் இருக்கலாம். ஹீட்டர் பிளக் வச்ச இன்ஜின் இது, சீக்கிரம் சூடாகலன்னா டீசல் முழுசா எரியாது, நாளாக நாளாக சிலிண்டர் போரும் தேயும். வெயில் ஊருக்கு வால்வு வேணாம்ன்ற பேச்சு எனக்கு ஒத்துக்கவே ஒத்துக்காது. நல்ல வால்வு மாட்டு, மாட்றதுக்கு முன்னாடி அடுப்புல பாத்திரத்துல தண்ணி வச்சி அதுல போட்டுப் பாரு, அதுமேலயே டிகிரி அடிச்சிருக்கும், அந்த சூட்டுக்கு வாய் தொறக்கணும்.

சூடா இருக்கும்போது மூடிய தொறக்காத, பச்சத் தண்ணிய இன்ஜின் மேலயும் ஊத்தாத. இல்லாத ஹெட் விரிசல் அப்பதான் வரும்.

ஆம்பூர்_லேலண்ட்:
காட்பாடி அண்ணன் சொல்றதுதான் சரி. எனக்கு ஒரே கேள்வி, ரேடியேட்டர்ல இன்னா தண்ணி ஊத்தறீங்க ப்ரோ? போர்வெல் தண்ணியா? நம்ம பக்கம் போர் தண்ணி எப்படி இருக்கும்னு வீட்டு கொழாய பாத்தாலே தெரியும், பாத்ரூம் டைல்ஸ்ல படியற அதே வெள்ளை உப்பு ரேடியேட்டர் டியூப்லயும் சிலிண்டர் சுத்தி இருக்கற ஜாக்கெட்லயும் படியும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம்லாம் தோல் ஷாப்பு தண்ணியும் சேந்து நெலத்தடி தண்ணி இன்னும் மோசம். ஆவியா போறது வெறும் தண்ணிதான், உப்பு உள்ளயே நின்னுடும், நீங்க மறுபடி ஊத்தும்போது புது உப்பு சேரும். கொதிச்சி கொதிச்சி டாப் அப் பண்ற வண்டிலதான் அடைப்பு வேகமா ஏறும்.

பழைய ரேடியேட்டர் பித்தளையா இருந்தா தூக்கிப் போடாதீங்க. மேல் டேங்க்கை பிரிச்சி டியூப் டியூப்பா ராடு விட்டு அடைப்பெடுத்து மறுபடி ஈயம் வச்சி ஒட்டலாம், டியூப் நஞ்சு போயிருந்தா கோர் (டியூப்பும் கம்பியும் சேந்த நடுப்பகுதி) மட்டும் புதுசா போடலாம். ஆசிட் ஊத்தி கழுவறேன்னு யாராச்சும் சொன்னா ஒத்துக்காதீங்க, ஒட்டு எல்லாம் உட்டுடும். வெளிப்பக்கமும் பாருங்க, கம்பி நடுவுல மலை மண்ணு, பூச்சி, சருகு எல்லாம் அடைஞ்சிருக்கும், இன்ஜின் பக்கத்துலருந்து முன்பக்கமா மெதுவா தண்ணி அடிங்க, வாட்டர் சர்வீஸ் பிரஷரை கிட்ட வச்சி அடிச்சா கம்பி மடங்கிடும்.

ஏலகிரி_லோகியர்:
ஏலகிரி 14 வளைவும் பழைய ஜீப்புல ஏறி எறங்கறவன் நான், ஒண்ணு ரெண்டு சேத்துக்கறேன். மலைல வண்டி பத்து பதினஞ்சு கிலோமீட்டர் வேகத்துல போகும்போது எதிர்க்காத்தே கிடையாது, ஃபேன் இழுக்கறதுதான் காத்து. ஃபேனை சுத்தி இருக்கற தகரக் கூடு இருக்கா பாருங்க, முக்காவாசி பழைய வண்டில ரேடியேட்டர் வேலைக்கு கழட்டி வச்சவங்க திருப்பி மாட்டவே மாட்டாங்க. அது இல்லன்னா ஃபேன் ரேடியேட்டர் வழியா இழுக்காம பக்கத்துல இருக்கற சூட்டுக் காத்தையே சுத்திக்கினு இருக்கும். பெல்ட்டை நடுவுல கட்டை விரலால அமுக்கினா அரை இஞ்சுக்கு கிட்ட எறங்கணும், அதுக்கு மேல தொங்குனா லோடுல வழுக்கும்.

வண்டி நின்ன உடனே நாலு சக்கரத்து பிரேக் டிரம் கிட்டயும் கைய கொண்டு போங்க, தொடாம கிட்ட மட்டும். ஒண்ணு மட்டும் அனல் அடிச்சா பிரேக் ஒட்டிக்கினு இருக்கு, பிரேக்கை புடிச்சிக்கினே மலை ஏறினா எந்த இன்ஜினும் கொதிக்கும். இத யாருமே பாக்கறதில்ல.

கியரும் முக்கியம். ரெண்டாவதுல முக்கி முக்கி ஏத்தாதீங்க, இன்ஜின் மெதுவா சுத்துனா ஃபேனும் வாட்டர் பம்ப்பும் மெதுவாதான் சுத்தும், ஆனா டீசல் மட்டும் முழுசா எரியும். ஒண்ணாவது போட்டு கொஞ்சம் ரேஸ்ல ஏத்துங்க. மண்ணு ரோடா இருந்தா ஃபோர் வீல் போட்டு, வேகத்த கொறச்சி இழுவைய கூட்டற லோ லீவரையும் போடுங்க, சொகமா ஏறும். தார் ரோட்டுல வேணாம், முன்ன பின்ன சக்கரம் வேற வேற தூரம் சுத்தும், வழுக்கி சரி பண்ணிக்க மண்ணு இல்லாததால ஜாயின்ட் எல்லாம் முறுக்கிக்கும், லீவரே வெளிய வராது.

ஒடுகத்தூர்540:
அண்ணா எல்லாருக்கும் ரொம்ப நன்றி, சொன்னத எல்லாம் பாத்தேன். முட்டை ஆரம்பத்துல வந்துச்சு அப்பறம் நின்னுடுச்சி, ரேஸ் குடுத்தாலும் வரல. மேல் ஹோஸ் மெதுவாதான் இறுகுது. டிரம்மு நாலும் ஒரே மாதிரி. ஃபேன் கூடு இல்ல, மாமாகிட்ட கேட்டா மாட்டுக் கொட்டாய்ல எங்கயோ கெடக்கும்ன்றாரு. தண்ணி போர் தண்ணிதான். மூடிய தொறந்து டார்ச் அடிச்சா டியூப் வாய்ல பழுப்பும் வெள்ளையுமா பொருக்கு கட்டி இருக்கு, சில டியூப்பு வாயே தெரியல.

இன்னொண்ணு பாத்தேன். சூடானதுக்கு அப்பறம் ஒருத்தர வச்சி ரேஸ் குடுக்கச் சொன்னா கீழ் ஹோஸ் நடுவுல சப்பிப் போவுது, ரேஸை விட்டா திரும்ப உருண்டையா ஆயிடுது. இது இருக்கறதுதானா?

காட்பாடி டீசல்:
இருக்கறது இல்ல தம்பி, பெரிய விஷயம் அது. கீழ் ஹோஸ்லருந்துதான் வாட்டர் பம்ப் தண்ணிய இழுக்குது. மேலருந்து டியூப் அடைச்சி தண்ணி வேகமா எறங்கல, பம்ப் இழுக்குது, ஹோஸ் சப்பிக்குது. உள்ள ஸ்பிரிங் வச்ச ஹோஸா இருந்தா அது துருப்பிடிச்சி கரைஞ்சிருக்கும். தரைல ரேஸ் கம்மி, சமாளிக்குது. மலைல முழு ரேஸ்ல தண்ணி வேணும்ன்றப்பதான் வழி மூடிக்குது. ரேடியேட்டரை இறக்கி அடைப்பெடு, கீழ் ஹோஸ் ஸ்பிரிங்கோட புதுசு போடு, வால்வு மாட்டு, கூட்டைத் தேடி எடுத்து மாட்டு. ஹெட்டை தொடாத. உன் மெக்கானிக்கிட்ட சண்டை போடாம அந்த ஹோஸ் சப்பறத மட்டும் அவர் கண்ணு முன்னால காட்டு, புரிஞ்சிக்குவாரு.

மூடியும் மாத்து, ரப்பர் காஞ்சிருந்தா பிரஷரே நிக்காது, பிரஷர் நிக்கலன்னா சீக்கிரம் கொதிக்கும். ஆனா பழைய மூடில எத்தினி பவுண்டுன்னு போட்டிருக்கோ அதேதான் வாங்கணும், அதிகம் போட்டா பழைய ஒட்டு பிச்சிக்கும்.

ஆம்பூர்_லேலண்ட்:
ரேடியேட்டர் வெளிய இருக்கறப்பவே இன்ஜின் பிளாக்குல இருக்கற டிரெயினை (தண்ணி வடியற ஓட்டை) தொறந்து ஹோஸ் வச்சி தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் விடுங்க, அடைச்சிருந்தா கம்பி விட்டு குத்துங்க, சேறு மாதிரி வரும். அத செய்யாம புது கோர் மாட்டினா அந்த சேறே அங்க போய் உக்காந்துக்கும். அப்பறம் கூலன்ட் பாதி, பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டர் பாதி. வண்டில ரெண்டு கேன் அதே கலவையே எடுத்துக்கினு போங்க, மலைல அவசரத்துக்கு கூட போர் தண்ணி வேணாம்.

ஒடுகத்தூர்540:
சரிண்ணா. நாளைக்கே ரேடியேட்டரை இறக்கறேன். டேங்க் பிரிச்சதும் டியூப் எப்படி இருக்குன்னு ஃபோட்டோ போடறேன், ராடு போதுமா கோரே மாத்தணுமான்னு பாத்து சொல்லுங்க.