சிமி கரேவால் பற்றிக் கொஞ்சம் உதவி வேண்டும்

நண்பர்களே, வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் இந்தி நடிகை சிமி கரேவால் பற்றிப் பேச ஒப்புக்கொண்டுவிட்டேன். 1962இல் நடிக்க வந்தவர், ராஜ் கபூரின் 'மேரா நாம் ஜோக்கர்', சுபாஷ் கய்யின் 'கர்ஸ்' படங்கள் வரைக்கும் தகவல் கையில் இருக்கிறது. இங்கிலாந்தில் வளர்ந்த அந்தப் பெண்ணை சத்யஜித் ராய் 1970இல் 'அரண்யேர் தின் ராத்ரி'யில் கறுப்பு ஒப்பனை போட்டு சந்தால் பழங்குடிப் பெண்ணாக நடிக்கவைத்தார். இன்று அப்படிச் செய்தால் பெரிய சண்டையே வரும், அது வேறு கதை.

எனக்குச் சிக்கல் பேட்டி விஷயத்தில்தான். 1997இல் ஸ்டார் பிளஸில் தொடங்கிய 'ரான்டேவூ' என்ற தன் பேட்டி நிகழ்ச்சியில் வெள்ளை உடையில் உட்கார்ந்துகொண்டு, மெல்லிய குரலில் யாரையும் பேசவைத்துவிடுவார். 1999இல் ஜெயலலிதாவையே 'ஆஜா சனம்' என்ற இந்திப் பாட்டைப் பாடவைத்தாரே! அவ்வளவு இறுக்கமான மனிதர், சிறுவயது ஏக்கங்களைச் சொல்லி லேசாகக் கலங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்தப் பேட்டி எனக்குத் துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது, ஒலியும் சரியில்லை. முழுதாக எங்கே பார்க்கலாம்? அப்புறம், அது ஒளிபரப்பானபோது தமிழ்ப் பத்திரிகைகளில் வந்த கட்டுரை யாரிடமாவது இருந்தால் படம் எடுத்து அனுப்ப முடியுமா? மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.